பொட்டு வைக்காத படம்

அத்தியாயம் 6

"நம்ம விசிட்டிங் கார்டு என்னாச்சு லோகு?"

"பிரஸ்ல மை காயுது மேடம். வந்துரும்."

"போன வாரமும் மைதான் காஞ்சுது."

"மழைக்காலம் மேடம். நம்ம துணியே காய மாட்டேங்குது, மை பாவம், இன்னா பண்ணும்? கொஞ்சம் அந்தாண்ட நவுந்து குந்துங்க. லெஃப்ட் சைடு ஸ்பிரிங் குத்தும்."

ஜெயசீலி வழக்கம்போல வலது ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தே தலை நரைத்தவள். வேலையை விட்டுவிட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் திறந்திருந்தாள். நிறுவனத்தின் வாகனப் பிரிவு, தகவல் பிரிவு, டீ வாங்கும் பிரிவு எல்லாமே லோகு ஒருவன்தான். பழைய ஷேர் ஆட்டோ டிரைவர். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்கிற மாதிரி பேசுவான்.

2006 அக்டோபர். மழை விட்டிருந்தது, வானம் விடவில்லை. செம்பாக்கம் ஏரிக்கரைப் பள்ளங்களில் இறங்கி ஏறி ஆட்டோ ஒரு வீட்டின் முன் நின்றது. கொசுவுக்குப் பயந்து பகலிலேயே கதவைச் சாத்துகிற அந்தத் தெருவில் அந்த வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே நுழைந்த ஜெயசீலி பழக்கதோஷத்தில் கதவில் கை வைத்தாள்.

"சாத்தாதீங்க மேடம். திறந்தே இருக்கட்டும்."

சொன்னவள் சத்யப்ரியா. முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. தூங்கப் போகும்வரை கதவைச் சாத்துவதில்லையாம். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாளாம்.

"நான் இல்லாத நேரம் பார்த்து அவர் வந்து கதவைத் தட்டினா?" என்றாள் சாதாரணமாக.

அவர் என்பது ஹேமநாத், அவள் கணவன். இரும்புலியூரில் படங்களுக்குக் கண்ணாடி ஃபிரேம் போடும் கடை வைத்திருந்தவன். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டை விட்டுப் போனவன் இன்றுவரை திரும்பவில்லை.

"கடலுக்குப் போறேன்னா சொன்னார்?"

"கோயிலுக்குன்னு சொன்னார். ஏதோ அம்மன் படத்துல கண்ணாடி உடைஞ்சு போச்சாம். பூஜையில இருக்கிற படத்தைக் கோயிலை விட்டு வெளியே எடுக்கக் கூடாதுன்னு இவரையே கூப்பிட்டிருக்காங்க. சாமான் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினார். சாப்பிட்டுப் போங்கன்னேன். வந்து சாப்பிடறேன்னார்." சத்யப்ரியா திறந்த வாசலைப் பார்த்தாள். "எந்த ஊர் கோயில்னு சொல்லலை மேடம். அம்மன் கோயில் கடற்கரையிலதான் இருக்கணுமா? போலீஸ்ல 'அதுல போயிருப்பார்மா'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா யாரும் பார்க்கலையே. நான் இன்னும் அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன்."

"எதுல போனார்?"

"கடை வாசல்ல ஒரு ஆட்டோ வந்து ஏத்திட்டுப் போச்சுன்னு பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த லோகு எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தான். நனைந்த வண்டியைத் தூறலில் நின்று துடைக்கிறான். ஜெயசீலி அதைப் பார்த்தாள்.

கூடத்தின் தெற்குச் சுவரில் மூன்று படங்கள் இருந்தன. மாமனார், மாமியார், அவர்களுக்கும் முந்தின ஒரு பெரியவர். மூன்று கண்ணாடிகளின் மேலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. ஆணியில் எதுவும் மாட்டவில்லை.

"அவரோட அண்ணன் வந்து அடிச்சிட்டுப் போன ஆணி," என்றாள் சத்யப்ரியா. "படத்தை மாட்டிடு, காரியத்தை முடிச்சிடலாம்னார். ஊர்ல இருக்கிறவங்க படத்துக்கெல்லாம் ஃபிரேம் போட்டவர் மேடம் அவர். அவர் படத்துக்கு நான் போட விடலை. போட்டுட்டா முடிஞ்சு போச்சே."

துபாயில் இருக்கும் தம்பி தன்னோடு வந்துவிடும்படி மாதாமாதம் போனில் கெஞ்சுகிறான். போக முடியாது. இந்தக் கதவுக்கு அவள்தான் காவல்.

பிறகு துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து மேஜை மேல் வைத்தாள். துண்டை விலக்கினாள்.

கரும்பழுப்பு ஃபிரேமுக்குள் கட்டம் போட்ட சட்டையில் ஒரு மனிதன் சிரித்துக்கொண்டிருந்தான். மாலை இல்லை. பொட்டு இல்லை. கண்ணாடி அத்தனை சுத்தமாக இருந்ததால் ஜெயசீலிக்கு அவன் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று ஒரு விநாடி தோன்றியது.

"போன திங்கக்கிழமை காலையில கோலம் போட வந்தேன். கேட்ல தொங்கிட்டிருந்தது. உங்க கார்டும் கம்பியில சொருகியிருந்தது. தெய்வமே வழி காட்டின மாதிரி இருந்தது, உடனே போன் பண்ணினேன்." கார்டை நீட்டினாள்.

ஜெயசீலி கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது அவரே போட்ட ஃபிரேம்," என்றாள் சத்யப்ரியா. பேச்சு இப்போது வேகமாக வந்தது. "சத்தியமா சொல்றேன். மத்த கடைகள்ல ரம்பத்துல அறுத்து, கண்ணாடியைப் பிடிச்சு நிக்க ஆணி அடிப்பாங்க. ஆணி அடிச்சா கண்ணாடிக்கு வலிக்கும்னு சொல்வார் இவர். என் தம்பிகிட்ட சொல்லி ரெண்டு சாமான் வரவழைச்சார். மூலையைச் சீவ உள்ளங்கையில அடங்கற ஒரு இரும்பு இழைப்புளி. அப்புறம் தகட்டுச் சில்லைப் பிடிச்சு மரத்துக்குள்ள தள்ற ஒரு பிடி. இந்தப் பக்கத்துல வேற யார்கிட்டயும் அது கிடையாது. பின்னால பாருங்க, ஆணியே இல்லை. எல்லாம் சில்லு."

ஜெயசீலி பேனாக்கத்தியை எடுத்தாள். செத்தவர்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஹேமநாத் போட்ட வேறொரு ஃபிரேமைக் கேட்டு வாங்கினாள். மலையும் அருவியுமாக ஒரு இயற்கைக் காட்சி. அதில் ஒரு மூலையைப் பிரித்தாள், புதியதில் ஒரு மூலையைப் பிரித்தாள். சீவின மரத்தின் மேல் விரலை ஓட்டினாள். இரண்டிலும் ஒரே இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது.

"இழைப்புளி பிளேடுல ஒரு பொடிப் பல் உடைஞ்சிருக்கு. அது போற இடமெல்லாம் இந்தக் கோட்டை விட்டுட்டுப் போகுது. ரெண்டும் ஒரே கருவி."

சத்யப்ரியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அவர் உயிரோட..."

"கருவி இருக்கு. இப்போதைக்கு அதை மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

இதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் பொய் நம்பிக்கை கொடுப்பதும் ஒருவகைப் பொய்க் கிளெய்ம் என்று நினைக்கிற ஜாதி அவள். புதிய ஃபிரேமின் பின் அட்டையைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததை சத்யப்ரியா பார்க்குமுன் மூடினாள். பழையதில் ஒரு சில்லும் புதியதில் ஒரு சில்லும் நெம்பி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தாள்.

"லோகு, இங்கே வா. இந்தக் கயிற்றைப் பார்."

ஃபிரேமை மாட்டுவதற்காகப் பின்னால் கட்டியிருந்த நைலான் கயிறு. லோகு அதன் முடிச்சைக் கட்டைவிரலால் தடவினான். வாயைத் திறந்தான், மூடினான்.

"கயிறு மேடம்," என்றான்.

"ரொம்ப நன்றி," என்றாள் ஜெயசீலி.

*

வண்டி கிளம்பியதும் அவளே ஆரம்பித்தாள்.

"அந்த போட்டோ, போட்டோ இல்லை லோகு. நோட்டீஸ். அந்தப் பொண்ணு ஊரெல்லாம் ஒட்டின 'காணவில்லை' நோட்டீஸ்ல இருந்து வெட்டினது. பின்பக்கம் போஸ்ட் கம்பத்து சுண்ணாம்பு கூட ஒட்டிட்டிருக்கு."

"அதுனால?"

"உயிரோட இருக்கிறவன் தன் படத்தைக் கம்பத்துல இருந்தா கிழிச்சு எடுப்பான்?"

லோகு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். அவன் பார்த்தது ஜெயசீலி இருந்த பக்கம் இல்லை. காலியாக இருந்த இடது பக்கம்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஏகநாதன் ஹார்டுவேர்ஸ் கடை. ஏகநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் இழைப்புளியா, அப்படி ஒன்றை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்றார். தச்சர் வைக்கும் பெரிய இழைப்புளி வேண்டுமானால் உடனே தரலாம் என்றார்.

"அதை வெச்சு சீவினா படமே மிஞ்சாது அண்ணாச்சி," என்றான் லோகு. பழைய குரல் மாதிரி இருந்தது, ஆனால் அவனே சிரிக்கவில்லை.

ஜெயசீலி கைக்குட்டையைப் பிரித்தாள். பழைய சில்லு மெல்லியதாகப் பளபளத்தது. புதியது தடிமன். இரண்டும் வைர வடிவம். புதியதில் ஒரு பக்கம் முழுக்க நீல பெயின்ட்.

"இதுல பெயின்ட் நாலு ஓரத்துலயும் மடங்கி இருக்கு. பெயின்ட் அடிச்ச தகட்டை மெஷின் அமுக்கி வெட்டியிருக்கு. ஆனா இத்தனூண்டு சில்லுக்கு எவனாவது பெயின்ட் அடிப்பானா? அடிக்க மாட்டான். அப்போ இது சரக்கு இல்லை. சரக்கு அந்தத் தகடு. அதுல வைர வைரமா ஓட்டை போட்டிருக்காங்க. ஓட்டையில இருந்து விழுந்ததுதான் இது. நாம ஒரு ஓட்டையைத் தேடிட்டிருக்கோம் அண்ணாச்சி. நீலத் தகட்டுல வைர ஓட்டை யார் போடறாங்க?"

ஏகநாதன் யோசித்தார். "ஜெனரேட்டர் மூடியில காத்துக்கு ஓட்டை இருக்கும். அது நீலமாத்தான் வருது. திருமுடிவாக்கத்துல விசாரிங்க."

*

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மூன்றாவதாக ஏறின ஷெட்டில் வாசலிலேயே நீல மூடிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். பஞ்ச் மெஷின் டக் டக்கென்று இறங்க, அதன் கீழே வைர வைரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டின் முதலாளி ஸ்டெபின், சட்டைப்பையில் இரண்டு செல்போன் வைத்திருந்த இளைஞர், சில்லைப் பார்த்ததும் சிரித்தார்.

"நம்ம ஸ்கிராப்தான் மேடம். இதுல என்ன ப்ராப்ளம்?"

"வேற யாருக்காவது குடுக்கறீங்களா?"

"ஒரு மீன்காரம்மாவுக்குத்தான். கேட்ல வந்து விப்பாங்க. ஒரு நாள் கீழே கிடந்ததைப் பொறுக்கிப் பார்த்துட்டு, எடுத்துக்கட்டுமான்னாங்க. எடுத்துக்குங்கன்னேன். அதுல இருந்து டிபன் பாக்ஸ்ல அள்ளிட்டுப் போறாங்க. பதிலுக்கு ரெண்டு காரப்பொடி மீன் சேர்த்துப் போட்டுட்டுப் போவாங்க. ப்ராஃபிட் எனக்குத்தான்."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். எங்க ஊரு ஜனங்களுக்குன்னாங்க. வலையில கட்டுவாங்க போலன்னு நினைச்சேன்."

ஜெயசீலி திரும்பினாள். "வலையில இதைக் கட்டுவாங்களா லோகு?"

"ஈயம் கட்டுவாங்க மேடம்."

"இது கட்டினா?"

"வலை கிழியும்."

அவ்வளவுதான். ஈயத்தைப் பற்றியும் வலையைப் பற்றியும் மீன்காரம்மாவைப் பற்றியும் அடிப்பதற்கு ஆயிரம் ஜோக் இருந்தது. ஒன்று கூட வரவில்லை.

"அந்தம்மா பேரு?"

"முத்தாலம்மாள். ஈஸிஆர்ல நாகத்தம்மன் குப்பமோ என்னமோ சொன்னாங்க."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த ஜெயசீலி, "வழி தெரியுமா?" என்று கேட்டாள்.

லோகு சாவியைத் திருகினான். இன்ஜின் பிடித்தது. அப்புறம்தான் பதில் வந்தது.

"தெரியும் மேடம்."

தாம்பரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று வண்டி ஓடியது. கடலோர ஈஸிஆரைத் தொட்ட பிறகு ஒரு பெயர்ப்பலகை இல்லாத மண்ரோட்டில் திரும்பியது. அங்கே ஒரு பனைமரத்தடியில் வலது, ஒரு கிணற்றடியில் இடது. லோகு எங்கேயும் வண்டியை நிறுத்தி யாரையும் வழி கேட்கவில்லை. ஜெயசீலியும் அவனை எதுவும் கேட்கவில்லை.

*

குப்பத்தில் அம்மன் கோயில்தான் கடலுக்கு முதல் கட்டடம். அதை ஒட்டி ஷீட் போட்ட ஒரு கூடம். லோகு வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தினான்.

"நீங்க போயிட்டு வாங்க மேடம். நான் வண்டியைப் பாத்துக்கிறேன்."

"வண்டி எங்கேயும் போகாது. வா."

கூடத்துக்குள் நுழைந்த ஜெயசீலி வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர் முழுக்கப் படங்கள். ஆணும் பெண்ணும், பல் விழுந்தவர்கள், பல் முளைக்காதவர்கள். எல்லோருக்கும் கரும்பழுப்பு ஃபிரேம், எல்லோர் நெற்றியிலும் கண்ணாடி மேல் குங்குமம். எல்லாப் படமும் கடலுக்கு முதுகைக் காட்டி மாட்டியிருந்தது. வெளியே அலைச் சத்தம் கேட்கக் கேட்க, அத்தனை பேரும் அதைக் கேட்காத மாதிரி ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயசீலி மெல்லப் போய் ஒரு படத்தின் மூலையில் நகத்தை வைத்துத் தடவினாள். இணைப்பு விளிம்பில் மேடு நகத்தில் தட்டியது. அடுத்த படத்திலும் தட்டியது. அதற்கடுத்ததிலும். இது ஒரு மனிதனைத் தேடி வந்த இடம். இங்கே ஊரே சுவரில் இருந்தது.

"யாரும்மா அது?"

பின்வாசலில் மீன் கழுவின கையோடு ஒரு பெண் நின்றாள். கட்டுமஸ்தான உடம்பு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. முத்தாலம்மாளாகத்தான் இருக்க வேண்டும். ஜெயசீலி பெயரைச் சொல்லி, செம்பாக்கத்தில் ஒரு வீட்டு கேட்டில் ஒரு படம் தொங்கியதைச் சொல்லி, அதைச் செய்தவரைத் தேடி வந்ததாகச் சொன்னாள். முத்தாலம்மாள் கேட்டுக்கொண்டே வந்தாள். பார்வை ஜெயசீலியைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. முகம் குழம்பியது.

"இன்னாடா லோகு? நீ குடுத்த படத்த நீயே தேடிகினு வர்ற?"

லோகு வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தான். ஒரு கால் கூட உள்ளே வைத்திருக்கவில்லை.

முத்தாலம்மாள் ஜெயசீலியைப் பார்த்தாள், லோகுவைப் பார்த்தாள். ஜெயசீலியின் முகத்தில் ஆச்சரியம் என்று எதுவும் இல்லை. அவள் கைப்பையைத் திறந்து அந்தக் கார்டை எடுத்து நீட்டினாள்.

"மை நல்லாத்தான் காஞ்சிருக்கு லோகு."

அவன் கார்டை வாங்கவில்லை.

"கார்டு இன்னும் என் கைக்கே வரலை. அதுக்குள்ள ஒண்ணு செம்பாக்கத்துல கேட்ல சொருகியிருக்கு. காலையில அதைப் பார்த்தப்பவே தெரியும். அந்த முடிச்சு வலை முடிச்சுன்னு எனக்கே தெரியறப்போ, குப்பத்துல பொறந்த உனக்குக் கயிறு மட்டும்தான் தெரிஞ்சுதா? இவ்வளவு தூரம் உன்னை ஓட்ட விட்டது எதுக்கு தெரியுமா? நடுவுல எங்கேயாவது நீயா சொல்வேன்னு."

லோகு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பேசினபோது மண்ணைப் பார்த்துத்தான் பேசினான்.

"நான்தான் மேடம் அவர இட்டாந்தேன். அம்மன் கண்ணாடி புட்டுகிச்சு. எங்கண்ணன் நாகுதான் சொன்னான், நல்ல ஃபிரேம்காரனா பாத்து இட்டாடான்னு. மொத நாளு ராத்திரி இரும்புலியூர்ல கடை ஒண்ணு தெறந்து இருந்துச்சு, சொல்லி வெச்சேன். காலையில கடையாண்ட போயி ஏத்தினேன். பேரு கேக்கல. ஊரு கேக்கல. கோயிலாண்ட எறக்கி வுட்டுட்டு, ஒரு ட்ரிப் அட்ச்சிட்டு வந்து இட்டுகினு போறேன் சார்னேன். மெதுவா வா தம்பி, கண்ணாடி வேலை, அவசரப்பட்டா கையைக் கிழிக்கும்னாரு." விரலால் மண்ணைக் கீறினான். "வந்து பாக்கறேன், ஊரே இல்ல. எங்கண்ணனும் இல்ல."

அவன் அதற்குப் பிறகு குப்பத்தில் தங்கவில்லை. இரும்புலியூர்ப் பக்கமே அறை எடுத்தான். மூடிக் கிடந்த அந்தக் கடையைப் பார்க்கக் கூடாது என்று தினமும் சுற்றுவழியில் போனான். போன மாதம் மழையில் ஒரு கம்பத்துக்கடியில் ஒதுங்கினபோது அந்த நோட்டீஸ் அவன் முகத்துக்கு நேரே இருந்தது. கீழே சத்யப்ரியாவின் பெயரும் விலாசமும்.

"அந்த வூட்டாண்ட அஞ்சாறு வாட்டி போனேன் மேடம். கதவு தெறந்தே கீது. அந்தக்கா வாசலயே பாத்துகினு கீது. அதுங்கிட்ட போயி எப்டி சொல்றது? நான்தான் உன் புருசன கொண்டு போயி விட்டேன்னு எப்டி சொல்றது? நோட்டீஸ்ல படத்த மட்டும் வெட்டி, இங்க குடுத்து ஃபிரேம் போட்டு, ராத்திரி கார்டோட கேட்ல மாட்டினேன். நீங்க கண்டுபுடிச்சு நீங்களே சொல்லிருவீங்கன்னுதான்..."

"துப்பு வெச்சதும் நீ, துப்பறிய வந்ததும் நீ."

"ரெண்டையும் ஒழுங்கா செய்யல மேடம்," என்றான் லோகு. ஜோக் மாதிரிதான் வந்தது. பாதியில் அழுகையாகிவிட்டது.

முத்தாலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு யாரு, எந்த ஊருன்னு இங்க ஒருத்தருக்கும் தெர்ல. இட்டாந்தவன் இவன், இவனோ ஊர வுட்டே பூட்டான். நாங்களே எங்க சனத்தோட சேத்து மண்ணு போட்டோம். நாகுவுக்குப் பக்கத்துல. அவரு பை மட்டும் கோயிலு சுவத்தாண்ட மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடந்துச்சு. அப்பால ஆளாளுக்கு ஒரு போட்டோவ கையில வெச்சிகினு நிக்கறாங்க, எங்க போனாலும் ஃபிரேம் கடையில கூட்டம். நான் பையத் தொறந்தேன். கத்தி புடிக்கிற கைதானே. மொதல்ல நாலு கட்டைய பாழு பண்ணேன், அப்பால வந்துருச்சு. அவரு வெச்சிருந்த சில்லு தீந்து போச்சு, கம்பெனிக் கேட்டாண்ட அதே மாதிரி கெடந்துச்சு, அள்ளிகினு வந்தேன்." கோயில் பக்கம் கையைக் காட்டினாள். "மொத மொத அம்மனுக்குத்தான் கண்ணாடி போட்டேன். அவரு வந்த வேலை அதானே."

ஜெயசீலி சுவரை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இங்கே எல்லாப் படத்துக்கும் பொட்டு வெச்சிருக்கீங்க. அவருக்கு மட்டும் ஏன் வைக்கலை?"

"நான் எப்டி வெப்பேன்? பொட்டு வெச்சாத்தான் செத்தவரு. அத்த அவ வெக்கணும். வூடு எதுன்னு இவன் சொல்லல. சொல்லிருந்தா நானே போயி நின்னுருப்பேன்."

அவள் உள்ளே போய் ஒரு ரெக்சின் பையை எடுத்து வந்தாள். உப்பு பூத்த பை. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றின இரும்பு இழைப்புளி, மரக் கைப்பிடி போட்ட தள்ளும் கருவி, கண்ணாடி வெட்டும் பேனா, மூலையை இறுக்கும் கவ்வி. துருவே இல்லை. தினம் துடைத்து வைத்தவை. அதை அவள் ஜெயசீலியிடம் கொடுக்கவில்லை. லோகுவிடம் நீட்டினாள்.

"உள்ள வந்து வாங்கிக்கோ. உங்கண்ணனையும் பாத்துட்டுப் போ. உனக்காக எம்மா நாளா குந்திகினு கீறான்."

லோகு எழுந்தான். செருப்பைக் கழற்றினான். அந்தக் கூடத்துக்குள் முதல் தடவையாகக் காலை வைத்தான். நாகுவின் படம் மூன்றாவது வரிசையில் இருந்தது. ஜெயசீலி கடலைப் பார்க்கிற மாதிரி வெளியே வந்து நின்றுகொண்டாள்.

*

திரும்பும்போது பை பின்சீட்டில் இடது பக்கம் இருந்தது. லோகு தன் கையால் வைத்தது. ஜெயசீலி சீட்டை அமுக்கிப் பார்த்தாள். ஸ்பிரிங் எதுவும் குத்தவில்லை.

"அவர் இங்கேதான் உக்காந்திருந்தாரா?"

"இப்பவும் அங்கதான் குந்திகினு கீறாரு மேடம்."

செம்பாக்கம் வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கதவு திறந்திருந்தது. ஆட்டோ சத்தத்துக்கு சத்யப்ரியா ஓடி வந்தாள். ஜெயசீலி வண்டியை விட்டு இறங்கவில்லை. இதை அவன்தான் சொல்ல வேண்டும்.

லோகு பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் போனான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தான். ஆனால் அவன் வாயைத் திறக்குமுன் சத்யப்ரியா பையைப் பார்த்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பை தனியாக வந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆட்டோ... நீங்கதானா?"

"நான்தாங்கா."

எல்லாவற்றையும் சொன்னான். கோயில், அம்மன், நாகு, முத்தாலம்மாள், மண். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்து நின்றான். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாப்பிட்டாரா?"

லோகுவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னிக்குக் காலையில சாப்பிடாமப் போனார். ஏதாவது சாப்பிட்டாரா?"

"சாப்ட்டாருக்கா. மேடவாக்கத்தாண்ட நிறுத்தி இட்லி வாங்கிக் குடுத்தேன். வண்டியிலயே குந்திகினு துன்னாரு. நல்லா கீதுன்னு எனக்கும் ஒண்ணு குடுத்தாரு."

சத்யப்ரியா தலையை ஆட்டினாள். பலமுறை ஆட்டினாள். பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜெயசீலிக்கு ஆட்டோவிலிருந்தே கூடத்துச் சுவர் தெரிந்தது. சத்யப்ரியா பிரிந்திருந்த மூலையைக் கையாலேயே அழுத்திச் சேர்த்து, ஃபிரேமை அந்த ஆணியில் மாட்டினாள். குங்குமச் சிமிழைத் திறந்தாள். கண்ணாடி மேல், சிரிக்கிற நெற்றியில், ஒரு பொட்டு வைத்தாள். தன் நெற்றியில் இருந்ததை அவள் தொடவில்லை.

பிறகு வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். லோகுவிடம், "அந்தம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க தம்பி," என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.